மைக்ரோஆர்என்ஏ சென்சார்: பிளாங்கே அலைந்தால் என்ன செய்வது? கேள்வி பதில்

கேள்வி: மிஆர்-21 என்ற மைக்ரோஆர்என்ஏவை (குட்டி ஆர்என்ஏ இழை) பிடிக்கத் தங்க எலெக்ட்ரோடில் டிஎன்ஏ புரோப் (அதோடு ஜோடி சேரும் இழை) கட்டியிருக்கிறோம். ஃபெரிசயனைடு கரைசலில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) எடுத்தால், இலக்கே இல்லாத பிளாங்கிலும் ஆர்சிடி (எலெக்ட்ரான் எலெக்ட்ரோடைக் கடக்கும்போது வரும் தடை) நிற்காமல் நகர்கிறது.

பதில்: மெஷினை விடுங்கள், மேற்பரப்பைப் பாருங்கள். 1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினாவில் வரிசையாகத் தேய்த்து, சோனிக்கேட் செய்து, 0.5 மோலார் சல்ஃப்யூரிக் அமிலத்தில் 0 முதல் 1.5 வோல்ட் வரை சிவி (வோல்ட்டை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் ஸ்கேன்) ஓட்டுங்கள். 0.9 வோல்ட்டை ஒட்டி வரும் தங்க ஆக்சைடு பீக் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை நிறுத்தக்கூடாது. தயோல் புரோப் (தங்கத்தில் ஒட்டக் கந்தக முனை உள்ளது) பெரும்பாலும் டைசல்ஃபைடாகத்தான், அதாவது கந்தகத்தோடு கந்தகம் பிணைந்துதான் வரும்; 10 மில்லிமோலார் டிசிஇபியில் (ஒடுக்கும் வேதிப்பொருள்) ஒரு மணி நேரம் வைத்து அந்தப் பிணைப்பை உடைத்த பிறகு, 1 மோலார் உப்புள்ள ட்ரிஸ் பஃபரில் 1 மைக்ரோமோலாராகப் போடுங்கள். உப்பு குறைந்தால் டிஎன்ஏவின் எதிர்மின் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று தள்ளி, புரோப் சரியாக அடுக்காது.

பிறகு புரோப்களுக்கு இடையே உள்ள வெற்றுத் தங்கத்தை மூடும் படலத்துக்காக 1 மில்லிமோலார் மெர்காப்டோஹெக்ஸனால், ஒரு மணி நேரம். அலைச்சல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கழுவிய பிறகும் அந்தப் படலம் மெல்ல இடம் மாறிக்கொண்டே இருக்கும். அளவிடும் பஃபரில் ஊறவிட்டு, அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன் ஒத்துப்போன பிறகே இலக்கைச் சேருங்கள். ஃபெரிசயனைடில் எலெக்ட்ரோடை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அதிலிருந்து வரும் சயனைடு தங்கத்தையே அரிக்கும்.

கேள்வி: சீரத்துக்கும் இதே முறை போதுமா?

பதில்: போதாது. எந்தப் புரதம் ஒட்டினாலும் ஆர்சிடி ஏறும். அதனால் புரோபில் மெத்திலீன் புளூ (எலெக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும் சாயம்) கட்டி, அதன் மின்னோட்டத்தை ஸ்கொயர் வேவ் ஸ்கேனில் எடுங்கள். வெள்ளி/வெள்ளி குளோரைடுக்கு எதிராக மைனஸ் 0.1-லிருந்து மைனஸ் 0.5 வோல்ட் வரை. ஆக்சிஜனும் அந்த வோல்ட் பக்கத்திலேயே ஒடுங்கும் (எலெக்ட்ரானை வாங்கும்) என்பதால், முதலில் பத்து நிமிடம் நைட்ரஜன் விடுங்கள்.

கேள்வி: லெட்-7ஏ என்ற மைக்ரோஆர்என்ஏவுக்கான புரோப், அதே குடும்பத்து லெட்-7சியையும் பிடிக்கிறதே?

பதில்: இரண்டுக்கும் 19-ஆவது இடத்தில் மட்டுமே வித்தியாசம்: லெட்-7ஏவில் உள்ள ஏ என்ற காரத்துக்குப் பதில் லெட்-7சியில் ஜி. உங்கள் புரோபில் அங்கே டி இருக்கிறது. ஜி–டி அரைகுறையாகச் சேர்ந்துவிடும். லெட்-7சி புரோபில் சி இருப்பதால், அங்கே வரும் ஏ அவ்வளவு எளிதில் சேராது. ஆக, லெட்-7சி புரோபில் பிரித்தறிவது சுலபம். இரண்டு புரோபையும் இரண்டு எலெக்ட்ரோடில் அருகருகே ஓட்டி ஒப்பிடுங்கள்; கழுவும் பஃபரில் உப்பைக் குறைத்தாலும் கொஞ்சம் உதவும்.

கேள்வி: ஆர்என்ஏவை வெட்டும் நொதிகளை முடக்க டிஇபிசி போட்டும் ஆர்என்ஏ சிதைகிறது.

பதில்: ட்ரிஸ் பஃபரிலேயே டிஇபிசி கலந்தீர்களா? ட்ரிஸ் அதைத் தின்றுவிடும். தண்ணீரில் 0.1 சதவீதம் கலந்து, இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்து, ஆட்டோகிளேவ் செய்த பிறகு ட்ரிஸ் சேருங்கள்.

கேள்வி: நோயாளி மாதிரியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் நிறத்தை. சிவப்பணு உடைந்திருந்தால் மிஆர்-16, மிஆர்-451ஏ இரண்டும் கொட்டும். மிஆர்-16-ஐ ஒப்பீட்டுக்கு வைத்திருந்தால் கணக்கே கெட்டுவிடும். 414 நானோமீட்டரில் ஹீமோகுளோபின் பீக் தெரிந்தால் அந்தக் குழாயை ஒதுக்குங்கள். இரத்தத்தை இடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெப்பாரின் வேண்டாம், பின்னால் பிசிஆரில் சரிபார்க்கும்போது அது வினையையே முடக்கும்.