சான்றிதழ் வந்த நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் குன்னூர்க்காரன். பெங்களூரில் மென்பொருள் வேலை, குடும்பம் குன்னூரிலேயே இருக்கிறது. உங்கள் எழுத்தைப் பல ஆண்டுகளாகப் படிக்கிறேன், பல இடங்களில் சண்டை போட்டுக்கொண்டே.

என் மகன் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். அவன் விரும்பிய கல்லூரி அரை மதிப்பெண்ணில் கை நழுவியது. அவனைவிடக் குறைவாக வாங்கிய நண்பனுக்கு அங்கே இடம் கிடைத்தது. நண்பனின் அப்பா அரசு அதிகாரி, சொந்தக் கார் வைத்திருப்பவர். என் மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நானும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் பொறியியல் படித்தவன்தான், மறைக்கவில்லை. ஆனால் அம்பேத்கரே பத்து ஆண்டுகள் போதும் என்றுதானே சொன்னார்? அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்களின் வேலை நியமனம் பற்றிய 1965-ஆம் ஆண்டு ஆணையை 2025-இல் ரத்தும் செய்துவிட்டார்கள். நாம் மட்டும் இன்னும் எத்தனை காலம்? சாதியை விட்டு வருமானத்தை அளவாக வைத்தால் என்ன?

கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

ர.

அன்புள்ள தம்பி,

பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை என்ற வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. பதினேழு, பதினெட்டு வயதில் கல்லூரி வாசல் வரை போய்த் திரும்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். உன் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் ஒரு சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்தேன். அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உனக்கு முதலில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பத்து ஆண்டு. படித்தவர்களே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அரசியல் சட்டத்தில் பத்து ஆண்டு என்ற கெடு இருந்தது உண்மை. எந்தப் பிரிவில்? 334-இல். அது எதற்கு? மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கிய தொகுதிகளுக்கு. அந்தக் கெடுவைத்தான் பத்துப் பத்து ஆண்டாக நீட்டுகிறார்கள். கடைசியாக 104-ஆவது திருத்தத்தில் 2030 வரை நீட்டியிருக்கிறார்கள். உன் குடும்பம் ஓட்டுப் போடும் நீலகிரி மக்களவைத் தொகுதி 2009 தேர்தலிலிருந்து தனித்தொகுதி. அந்தக் கெடு அதற்குப் பொருந்தும், உன் மகனின் கல்லூரி இடத்துக்குப் பொருந்தாது. வேலைக்கான ஒதுக்கீடு 16(4), கல்விக்கானது 15(4). இரண்டையும் எடுத்து வாசி, தம்பி. நான்கைந்து வரிகள்தான். ஆண்டுக் கணக்கு ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கு எழுது.

அந்த 15(4) எப்படி வந்தது என்றாவது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. நம் ஊர்த் தெருக்களில் எழுந்த குரலுக்காகச் சேர்த்த பிரிவு அது. உன் பொறியியல் இடம் அதன் வழியாகத்தான் உன்னிடம் வந்தது. உன்னைப் படிக்கவைத்த சட்டத்தை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் அதை எப்போது மூடுவார்கள் என்று கேட்கிறாய். அதுதான் எனக்கு வலிக்கிறது.

அமெரிக்காவை விடு. அங்கே எண் வைத்து இடம் ஒதுக்குவதை 1978-இல் பாக்கி வழக்கிலேயே மறுத்துவிட்டார்கள். இனத்தையும் ஒரு காரணமாகப் பார்க்கலாம் என்ற அளவில் மிஞ்சியிருந்ததுதான் 2023-இல் போயிற்று. அதற்கடுத்த ஆண்டே மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கறுப்பின மாணவர்களின் பங்கு 13 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. அந்த வழியில் நாமும் போக வேண்டும் என்று உன்னால் மனமாரச் சொல்ல முடியுமா?

வருமான அளவையும் நாம் பார்த்துவிட்டோம். 1979-இல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார். அடுத்து வந்த மக்களவைத் தேர்தலில் அடி வாங்கியதும் அதைத் திரும்பப் பெற்று, அவர்களுக்கான 31 சதவீத ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். ஏழைக்கு உதவித்தொகை கொடு, விடுதி கொடு, நான் உன்னோடு வந்து கேட்கிறேன். சாதிக்காக வெளியே நிறுத்தப்பட்டவனை வருமானச் சான்றிதழ் உள்ளே அழைத்துவராது. நண்பனின் அப்பா கார் வைத்திருக்கிறார் என்கிறாய். அந்தப் பையனை யாரும் சாதி சொல்லி அழைத்ததில்லையா என்று உன் மகனிடம் கேள், உனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இனி என் கதை. 1974-இல் எனக்கு எட்டு வயது. இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்கு வந்தோம். அங்கே இந்தியாவிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையை 1948-இல் பறித்தார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் நம் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடிப் பக்கம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை, லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஓர் அறை.

1984-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். எங்கள் லயத்தில் அதுவரை படித்த முதல் பெண் நான். கோவையில் பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் வாங்கினோம். சாதிச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்றிருந்தது. அப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார். சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். தாத்தாவின் தகப்பனார் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போனவர் என்றார் அப்பா. அங்கே போய்ச் சான்று வாங்கி வா என்றார்கள். போனார். நான்கு தலைமுறைக்கு முன்பு கிளம்பிப் போனவரை அங்கே யாருக்குத் தெரியும்? திரும்பி வந்தார். கண்டியில் பிறந்தவனுக்கு இங்கே என்ன சாதி என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா அங்கே ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “லயத்துக் குழாயில் எங்கள் குடம் எத்தனையாவதாக வைக்க வேண்டும் என்று பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அதற்கு யாரும் காகிதம் கேட்கவில்லை.”

பதினோரு முறை போனார். போகும் நாளில் பேர் விழாது, அதாவது அன்றைய கூலி இல்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் சான்றிதழைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். கல்லூரி திறந்து நான்கு மாதமாகியிருந்தது. அம்மா அதை மண்டபம் முகாமில் கொடுத்த அட்டையோடு பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். மறுநாள் நான் இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனேன். அடுத்த ஆண்டு அதே காகிதத்தோடு கல்லூரியில் சேர்ந்தேன், பிறகு பி.எட்., பிறகு அரசு ஆசிரியர் வேலை. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தில் வந்தவள் நான். அதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

வேலை கிடைத்தது பந்தலூர்ப் பக்கத்தில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில். பிள்ளைகளில் பெரும்பாலோர் பணியர், சிலர் காட்டுநாயக்கர். பணியர் வீட்டில் பேசும் மொழி வேறு, நாங்கள் நடத்துவது தமிழ். முதல் ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அதை ‘மந்தம்’ என்று பதிவேட்டில் எழுதினோம். நானும் எழுதினேன். அலுவலகத்தில் அப்பா பேசாமல் நின்றதைப் பார்த்தவள், அந்தப் பிள்ளைகளின் மௌனத்துக்கு அப்படிப் பெயர் வைத்தேன். இன்று வரை அது என்னை அறுக்கிறது.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். காப்பிக்கொட்டை பறிக்கும் பருவத்தில் அம்மாவோடு போவாள். ஒன்பது வயதில் ஒருநாள் முதலாளியின் கணக்கில் அம்மாவுக்கு இரண்டு நாள் கூலி விடுபட்டிருக்கிறது என்று என்னிடம் வந்து, மிளகு மணிகளை எண்ணி வைத்துக் காட்டினாள். சரியான கணக்கு. அவளை நான் விடக் கூடாது என்று நினைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். உயர்நிலைப் பள்ளி தொலைவு. யானை நடமாடும் வழி. விடுதியில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டார்கள், அவளிடம் இல்லை. அவள் அம்மாவிடம் ரேஷன் அட்டையே இல்லை. நான் நாலு முறை போய்க் கேட்டேன். அப்பா பதினோரு முறை போனார்.

அந்தப் பெண்ணின் மகள்தான் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். உன் மகனின் வயது. செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். நான் அலைவது அவளுடைய சான்றிதழுக்கு. பட்டியல் சாதிக்குத் தாசில்தார் தருவார். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர முடியும். போலிச் சான்றிதழ் வாங்கி வேலையில் சேர்ந்தவர்கள் நிறைய உண்டு என்பதால், 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்குக்குப் பிறகு விசாரணை கடுமையானது. அது வேண்டியதுதான். ஆனால் போலிக்காரன் பத்திரங்களோடு வருகிறான், பத்திரம் இல்லாமல் வருவது உண்மையான பணியர் வீட்டுப் பெண். தாயின் பெயர் ஆதாரில் ஒரு விதம், பள்ளிச் சான்றில் ஒரு விதம். இந்த ஓர் எழுத்து வேறுபாட்டுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டின் 69 சதவீதத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அதைக் கூட்டிப் பார்: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18. மிச்சம் ஒன்று. அந்த ஒன்று பழங்குடியினருக்கு. அதுவும் 1990 வரை தனியாகக் கிடையாது. நம் மாவட்டத்துத் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதற்கொண்டு பட்டியலில் உள்ள முப்பதுக்கு மேற்பட்ட குடிகளுக்கும் அந்த ஒன்றுதான். மக்கள்தொகைக்கு ஏற்ற அளவு என்பார்கள், சரி. வேலையில் அது எப்படி நடக்கிறது என்று பார். எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசை போடும் இனச்சுழற்சிப் பட்டியலில் 200 இடத்துக்கு 2. ஒரு துறை பத்துப் பத்தாக ஆள் எடுத்தால் அந்த முறை வந்து சேரவே எத்தனை ஆண்டு ஆகும் என்று நீயே கணக்குப் போடு. அதற்குள் அந்த வேலைகள் ஒப்பந்தக்காரரிடம் போய்விடுகின்றன. அங்கே சுழற்சியே இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் 80 சதவீதம், பழங்குடியினரில் 54. நீ எத்தனை காலம் தொடர வேண்டும் என்று கேட்கிறாய். நான் பார்த்த பணியர் குடிகளில் இட ஒதுக்கீடு இன்னும் தொடங்கவே இல்லை. கல்லூரி வாசலில் நாற்காலி போட்டிருக்கிறோம், அங்கே வந்து சேரும் பாதையில் பாலம் போடவில்லை.

நாற்காலி காலியாகக் கிடக்கிறதே, எடுத்துவிடலாம் என்று உன்னைப் போன்றவர்கள் சொல்லத் தொடங்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அருந்ததியர் பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்குள் பின்தங்கியதைப் பார்த்து 2009-இல் அவர்களுக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தோம். அப்படிப் பிரிப்பது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பின்தங்கியவரைத் தேடிப் போய்க் கொடுப்பதற்கு நம்மிடம் வழி இருக்கிறது. அந்தத் தேடலுக்கு உன்னைப் போன்ற படித்த பிள்ளைகள் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. நீ கணினி தெரிந்தவன். ஆதாரில் ஒரு பெயரைத் திருத்த இங்கே ஒரு தாய் இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

தீபாவளிக்குக் குன்னூர் வருவாய் அல்லவா, கூடலூர் இறங்கி இந்தப் பக்கம் ஒருநாள் வா. மகனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் மதிப்பெண்ணை எழுதியிருக்கிறாய், நண்பனின் அப்பா என்ன வேலை என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு எதைப் படிக்கப் பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. அதை எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா