சிலை விழுந்த மறுநாள்

கேள்வி: மாகாணத் தலைநகர் ஒன்று கிளர்ச்சிப் படையின் கைக்குப் போய்விட்டால், அந்த அரசின் நாளை எண்ணத் தொடங்கிவிடலாம் அல்லவா? சிரியாவில் அதைத்தானே பார்த்தோம்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: எண்ணலாம். விரல்தான் போதாது. சிரிய உள்நாட்டுப் போரில் அரசு இழந்த முதல் மாகாணத் தலைநகர் ரக்கா; அது 2013 மார்ச்சில். அதிபர் பஷார் அல் அசாத் மாஸ்கோவுக்கு ஓடியது 2024 டிசம்பரில். நடுவே 2015 மார்ச்சில் இட்லிபும் போயிற்று. அசாத் அசையவில்லை, அந்தச் செப்டம்பரில் ரஷ்ய விமானங்கள் வந்து முட்டுக்கொடுத்தன.

2024இல் அலெப்போ, ஹமா என்று வரிசையாகச் சரிந்ததைத்தான் நீங்கள் நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அப்போது ரஷ்யாவுக்கு உக்ரைன் தலைவலி. அசாத்துக்குத் துணைநின்ற லெபனானின் ஹிஸ்புல்லா இஸ்ரேலிடம் அடிவாங்கி ஓய்ந்திருந்தது. சம்பளம் வயிற்றுக்குக் காணாத சிப்பாய் சீருடையைச் சாலையோரம் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். கதவு உளுத்துப்போயிருந்தது. தள்ளியவர் பலசாலி என்பது பாதிக் கதைதான்.

ரக்காவுக்கு வாருங்கள். பஷாரின் அப்பா ஹாஃபிஸ் அல் அசாத்தின் சிலையைக் கீழே சாய்த்தார்கள், ஆளுநரும் பிடிபட்டார். ஊரே தெருவில். ஆனால் நகரின் வடக்கு விளிம்பில் 17ஆம் படைப்பிரிவின் முகாம் 2014 ஜூலை வரை அரசிடமே இருந்தது. வானமும் அரசிடம்தான், குண்டு விழுந்துகொண்டே இருந்தது. “பிடித்துவிட்டார்கள்” என்று நாங்கள் பத்திரிகைக்காரர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

பிடித்தவர்களும் ஒரே ஆள் இல்லை. அஹ்ரார் அல் ஷாம் என்ற இஸ்லாமியக் குழு, அல் கொய்தாவின் கிளையான நுஸ்ரா முன்னணி, சுதந்திர சிரியப் படையின் சில குழுக்கள். அடுத்த மாதமே நுஸ்ரா தன்னுடையது என்று ஐ.எஸ். என்னும் இஸ்லாமிய அரசு அமைப்பின் தலைவர் அபூபக்கர் அல் பக்தாதி அறிவிக்க, ரக்காவில் இருந்த நுஸ்ராக்காரர்கள் பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். மே மாதம் நடுச் சதுக்கத்தில் மூன்று பேரை நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். ஜூலையில் பாவ்லோ என்ற இத்தாலியப் பாதிரியார், அசாத்துக்கு எதிராகப் பேசியதற்காக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர், இந்தப் புதிய எஜமானர்களிடம் பேசப் போனார். திரும்பவில்லை. 2014 ஜனவரியில் மற்ற குழுக்களை விரட்டிவிட்டு ஐ.எஸ். நகரத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. சிலை விழுந்து பத்தே மாதம்.

அந்த ஊரில் நயீம் சதுக்கம் என்று ஒன்று உண்டு. அரபியில் நயீம் என்றால் பேரின்பம். அங்கே வெட்டிய தலைகளைக் காட்சிக்கு வைத்த பிறகு, ஊர்க்காரர்கள் அதை ஜஹீம் என்று அழைத்தார்கள், நரகம். (இயைபு கெடாமல் வைத்த பெயர். அந்த நிலையிலும் மனிதனுக்கு நாக்கு உயிரோடு இருந்திருக்கிறது.)

2017 அக்டோபரில் ரக்காவை மூன்றாவது தடவையாகப் “பிடித்தார்கள்”. இந்த முறை தரையில் குர்துகள் தலைமையிலான படை, வானத்தில் அமெரிக்கக் கூட்டணி. பிடித்தவர்கள் கொடி நட்டுப் படம் எடுத்துக்கொண்ட இடமும் அதே நயீம் சதுக்கம்தான். சுற்றிலும் நிற்கிற கட்டடம் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.