பழைய ஹாலில் முட்டிய சோபா புது ஹாலில் தொலைந்துபோனது ஏன்?

கேள்வி: எங்களிடம் எல் வடிவ சோபா ஒன்று இருக்கிறது. நீளப் பக்கம் 9 அடி, குட்டைப் பக்கம் 7 அடி. பழைய வீட்டில் 10க்கு 13 ஹாலில் போட்டிருந்தோம். எதிரே டிவி ஸ்டாண்டு. யாராவது எழுந்து போனால் மற்றவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். இப்போது 16க்கு 22 ஹால் உள்ள வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஒரு கோடியில் வாசல், மறு கோடியில் சாப்பாட்டு மேஜை. அதே சோபாவை மூலையில் போட்டால், காலி மண்டபத்தில் யாரோ விட்டுப்போன மூட்டை மாதிரி கிடக்கிறது. இதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு யூ வடிவத்தில் புதிது வாங்கலாம் என்கிறார் கணவர். தங்கை வீட்டு ஹால் 9க்கு 11. அவளும் ஆசையாகக் கேட்கிறாள். கொடுத்துவிடலாமா?

– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: கொடுக்க வேண்டாம். தங்கை கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், பழி என் மேல் விழட்டும். புது சோபாவும் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டு வீட்டிலும் நீங்கள் செய்தது ஒரே காரியம். சோபாவைக் கொண்டுபோய்ச் சுவர் மூலையில் ஒட்டிவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் நடந்திருக்கிறீர்கள். நான் தலைகீழாகத் தொடங்குவேன். வாசலிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து பால்கனிக்கு, சாப்பாட்டு மேஜைக்கு என்று ஆட்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்பதை முதலில் பார்ப்பேன். அந்த வழிகளுக்கு மூன்றடி அகலம் ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் சோபா.

உங்கள் பழைய ஹாலை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கே இடித்தது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். குட்டைப் பக்கம் 10 அடிச் சுவரை ஒட்டி 7 அடி நீண்டிருக்கும். மீதி 3 அடி. எதிர்ச் சுவரில் ஸ்டாண்டு ஒன்றேகால் அடி வெளியே வந்திருக்கும். அதைக் கழித்தால் சோபா முனைக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே 21 அங்குலம். ஒரு ஆள் உடம்பைத் திருப்பாமல் நடக்க 30 அங்குலமாவது வேண்டும், 36 இருந்தால் நிம்மதி. 21இல் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகரத்தான் முடியும். டிவியைச் சுவரில் மாட்டி ஸ்டாண்டை எடுத்திருந்தால் அந்த ஹாலிலேயே முழு 3 அடி கிடைத்திருக்கும். சரி, போனது போகட்டும்.

புது ஹாலுக்கு வருவோம். இங்கே பிரச்சினை நேர் எதிர். டிவியை ஒரு 22 அடிச் சுவரில் மாட்டி, எதிர்ச் சுவரில் சோபாவை ஒட்டினால், சாய்ந்து உட்கார்ந்தவரின் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே பதினான்கரை அடி. 55 அங்குல டிவி என்றால் ஏழிலிருந்து ஒன்பது அடிதான் வசதியான தூரம். திரையின் மூலைக்கு மூலை அளவைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் எழுத்து தெரியவில்லை என்று ஆளாளுக்கு முன்னால் வந்து தரையில் உட்காருவார்கள், சோபா காலியாகக் கிடக்கும்.

அதனால் சோபாவைச் சுவரிலிருந்து பிரித்து ஐந்தடி முன்னால் கொண்டுவாருங்கள். கை கூசும், தெரியும். சோபா என்றால் சுவரில் முதுகு ஒட்டியிருக்க வேண்டும் என்று நம் எல்லாருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஐந்தடி தள்ளினால் திரை ஒன்பதரை அடிக்கு, வசதியான தூரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதைவிட முக்கியம், சோபாவுக்குப் பின்னால் ஒரு நடைவழி பிறக்கும். வாசலிலிருந்து சாப்பாட்டு மேஜைக்குப் போகிறவர்கள் டிவியை மறைக்காமல், யார் காலையும் தாண்டாமல் பின்பக்கமாகவே போய்விடுவார்கள்.

குட்டைப் பக்கம் சாப்பாட்டு மேஜைப் பக்கமாக இருக்கட்டும். அதன் முதுகு இடுப்பளவுக் குட்டிச் சுவர் மாதிரி நின்று ஹாலை இரண்டாகப் பிரிக்கும். வாசல் பக்கம் அந்த முதுகைத் திருப்பிவிடாதீர்கள். உள்ளே வருகிறவர் முதலில் பார்ப்பது சோபாவின் முதுகாக இருந்தால், வா என்று சொல்வதற்கு முன்பே போ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். வாசல் பக்கம் திறந்திருக்கும் முனையில் ஒற்றை நாற்காலிகள் இரண்டு, முதுகு தாழ்வானவை, கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள். உங்கள் கணவர் கேட்ட யூ வடிவம் கிடைத்துவிட்டது. விருந்தாளி அதிகம் வந்தால் நாற்காலியை நகர்த்தலாம், ஆளில்லாத நாளில் வேறு அறைக்குக் கொண்டுபோகலாம்.

நிஜமான யூ சோபாவில் அது நடக்காது. இன்னொரு கணக்கும் அவரிடம் சொல்லுங்கள். எல் சோபாவின் மூலை இருக்கிறதே, அது சுமார் மூன்றடிக்கு மூன்றடி இடத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒரே ஒருவருக்கு மட்டும் இடம் தரும். அவரும் காலை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் இடிப்பார். உங்கள் சோபாவில் மூலையையும் கைப்பிடிகளையும் கழித்தால், நீளப் பக்கம் ஐந்தேகால் அடி, குட்டைப் பக்கம் மூன்றேகால் அடிதான் உட்காரும் இடம். ஒருவருக்கு இரண்டடி என்று வைத்துப் பாருங்கள். கடையில் ஏழு பேர் உட்காரலாம் என்றிருப்பார்கள். வசதியாக உட்காருவது நான்கு பேர், நெருக்கினால் ஐந்து. யூ வடிவத்தில் இப்படி இரண்டு மூலை. நடு இருக்கைக்குப் போக எல்லார் முழங்காலையும் உரசிக்கொண்டு போக வேண்டும். ஹாலின் அளவு அதற்குப் போதும்தான். ஆனால் நீங்கள் ஒருமுறை வீடு மாறிய அனுபவம் உள்ளவர். அடுத்த ஹால் என்ன அளவோ!

சோபாவை நடுவே இழுத்தபின் இரண்டு விஷயம் உங்களைத் திடுக்கிட வைக்கும். ஒன்று, அதன் முதுகு. சுவருக்கென்று செய்த சோபாக்கள் பலவற்றில் பின்பக்கம் மெல்லிய கறுப்புத் துணியைத்தான் அடித்து வைத்திருப்பார்கள். முன்பக்கத் துணி பின்னாலும் வந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், முதுகை ஒட்டி ஓரடி ஆழமுள்ள ஒடுக்கமான மேஜை ஒன்று போட்டால் மறைந்துவிடும். உயரம் சோபா முதுகுக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ இருக்கட்டும். அப்போதும் பின்னால் நான்கடி வழி மிச்சம் இருக்கும்.

இரண்டாவது, பிளக் பாயிண்ட். அவை சுவரில் இருக்கும், விளக்கு நடு ஹாலில் நிற்கும். ஒயரைக் கார்பெட்டுக்கு அடியில் ஓட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மிதிபட்டு மிதிபட்டு ஒயரின் மேலுறை தேய்ந்தால் யார் கண்ணிலும் படாது, தீப்பிடிக்கும் ஆபத்து. சார்ஜ் செய்துகொள்ளும் விளக்கு ஒன்றைப் பின் மேஜையில், எல் மூலைக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த மூலைதான் இரவில் இருட்டாக இருக்கும் இடம்.

கார்பெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய வீட்டில் 4க்கு 6 போட்டிருந்தால் இங்கே அது மிதியடி மாதிரித்தான் தெரியும். 8க்கு 10 போடுங்கள். சோபாவின் முன்கால்கள் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். எதிரே போடும் நாற்காலிகளின் முன்கால்களும் அப்படியே. இவை எல்லாம் ஒரு குடும்பம் என்று கண்ணுக்குச் சொல்வது அந்தக் கார்பெட்தான். சுவரைவிட்டு வந்த சோபா அநாதையாகத் தெரியாமல் இருப்பதும் அதனால்தான். அடியில் வழுக்காத விரிப்பு ஒன்று அவசியம்.

டீப்பாய் வட்டமாக இருக்கட்டும், எல் வடிவத்துக்குள் சதுர முனை முழங்காலைத்தான் தேடி வரும். 36 அங்குல விட்டம், சோபா விளிம்பிலிருந்து 15 முதல் 18 அங்குல இடைவெளி. அதற்குக் குறைந்தால் கால் நுழையாது, அதிகமானால் டம்ளரை வைக்க எழுந்திருக்க வேண்டும். உயரம் இருக்கையைவிடத் துளி தாழ்வு. குஷன்களைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து கிடையாது. வரிசையாக நிற்க வைக்காமல் மூலையில் பெரிதாக இரண்டு, முனைகளில் சின்னதாக ஒன்று ஒன்று போதும். பத்து குஷன் அடுக்கிய சோபாவில் உட்கார வருகிறவர் முதலில் அதையெல்லாம் தரையில் தள்ளிவிட்டுத்தான் உட்காருகிறார், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி தங்கை. 9க்கு 11 ஹாலில் உங்கள் 9க்கு 7 சோபா நுழைந்தால், நீளப் பக்கம் 11 அடிச் சுவரில் உட்கார்ந்து, குட்டைப் பக்கம் எதிர்ச் சுவரைத் தொட இரண்டடி பாக்கி வைக்கும். டிவியைச் சுவரில் மாட்டினாலும் அந்த இரண்டடிதான் வழி. உங்கள் பழைய நண்டு நடை அவளுக்குப் போகும். அதற்காகச் சின்ன ஹாலுக்கு எல் சோபாவே ஆகாது என்று சொல்லமாட்டேன். பலரும் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. சின்ன ஹாலில் ஒரு சோபா, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல் என்று துண்டு துண்டாகப் போட்டால் தரை முழுக்கக் கால்கள்தான் தெரியும், நாற்காலிக்கும் சோபாவுக்கும் நடுவே யாருக்கும் பயனில்லாத சந்துகள் விழும். கதவுக்கு எதிர் மூலையில் அளவான ஒரே எல் போட்டால் அறை அமைதியாக இருக்கும்.

அளவு என்றால் அவளுக்கு நீளம் 7 அடி, குட்டைப் பக்கம் 5 அடிக்கு மேல் வேண்டாம். ஆழம் 34 அங்குலத்துக்குள். கைப்பிடி ஒவ்வொன்றும் 10 அங்குலம் பருமனாக இருந்தால் இரண்டுக்குமாக ஏறக்குறைய ஒரு ஆள் உட்காரும் இடம் வீண், அதனால் ஒல்லிக் கைப்பிடி. ஐந்தாறு அங்குலக் கால்கள் வெளியே தெரிகிற மாதிரி இருந்தால், அடியில் தரை தொடர்ந்து தெரிந்து அறை கொஞ்சம் பெரிதாகத் தோன்றும், பெருக்கவும் சுலபம். இன்னும் புத்திசாலித்தனம் என்றால், நேர் சோபா ஒன்றும் அதே உயரத்தில், அதே துணியில் ஒரு பெரிய ஸ்டூலும். ஸ்டூலை ஒரு முனையில் ஒட்டினால் எல் ஆகிவிடும், மறுமுனைக்கும் மாற்றலாம், நடுவில் வைத்து மேலே தட்டு வைத்தால் டீப்பாய்.

கால் நீட்டும் லவுஞ்சர் வைத்த எல் சோபாவே வேண்டும் என்றால், இடதா வலதா என்பதைக் காகிதத்தில் படம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். வலப்பக்கம் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன். என் மனதில் சோபாவில் உட்கார்ந்தால் வரும் வலது. கடைக்காரருக்கு சோபாவை எதிரே நின்று பார்த்தால் வரும் வலது. தொழிலில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வந்து இறங்கிய லவுஞ்சர் நேராக பால்கனிக் கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. எட்டு மாதம் துணி காயப்போட அதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

வாங்குவதற்கு முன் அவள் செய்ய வேண்டியது இன்னொன்று. பழைய செய்தித்தாள்களை சோபா அளவுக்குத் தரையில் விரித்து ஒட்டி, இரண்டு நாள் அதை மிதிக்காமல் வாழ்ந்து பார்க்க வேண்டும். வெறுங்கையோடு நடந்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கட்டும். கதவுகளையும் அலமாரியையும் முழுதாகத் திறந்து பார்க்கட்டும். எந்த இடத்தில் தாள் கிழிகிறதோ அந்த இடத்தில் சோபா கூடாது. வாசல் நிலையின் உள் அகலம், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் இவற்றையும் அளந்து, சோபாவின் தனித்தனித் துண்டுகளோடு ஒப்பிட வேண்டும். முழு சோபாவின் அளவை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் போதாது.

உங்கள் ஹாலிலும் நகர்த்துவதற்கு முன் இந்தத் தாள் வேலையைச் செய்துவிடுங்கள். நகர்த்தும்போது முழு சோபாவையும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டாம். பெரும்பாலான எல் சோபாக்கள் இரண்டு மூன்று துண்டுகள்தான், அடியில் இரும்புக் கொக்கியால் கோத்திருக்கும். குனிந்து கையை விட்டுத் துழாவினால் தட்டுப்படும். ஒரு பக்கத்தை இரண்டு பேர் லேசாகத் தூக்கினால் கழன்றுவிடும். அப்படியே இழுத்தால் கொக்கி வளைந்து, பிறகு எவ்வளவு சேர்த்தாலும் நடுவே இடைவெளி விழும். கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டோ பழைய சாக்ஸோ மாட்டிவிட்டு நகர்த்துங்கள், புது வீட்டுத் தரை.