ஞாயிற்றுக்கிழமை போங்கள்!

மகள் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் இருக்கிறாள். ஜூனில் நாங்கள் போகும்போது செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போவாளாம். எங்களுக்கு கோல்ஃபில் அரிச்சுவடி கூடத் தெரியாது. வெறும் புல்தரையைப் பார்க்க ஒரு நாளைச் செலவழிக்க வேண்டுமா அம்மா?
– திருச்சி வாசகி

எனக்கும்தான் தெரியாது. ஆனாலும் மூன்று தடவை போய்வந்துவிட்டேன்! மகன் பக்கத்து ஊர் டண்டீயில் இருந்தபோது நடந்த கூத்து.

முதல் தடவை சனிக்கிழமை போனதுதான் தப்பு. அங்கே முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் உரிய புல்தரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு ரோடு போகிறது. கிரானி கிளார்க் சந்து என்று பெயர். பொதுவழி. காரும் போகும், கடற்கரைக்குப் போகிற பிள்ளைகளும் போவார்கள். நான் பாட்டுக்கு இறங்கி நடந்தேன். "ஃபோர்!" என்று ஒரு கத்தல். யாரோ நாலு வரை எண்ணிவிட்டார்கள் போல என்று நின்றேன். இரண்டு கஜம் தள்ளி ரோட்டில் பந்து விழுந்து எகிறியது. 'தலை பத்திரம்' என்பதற்கு அவர்கள் பாஷை அது என்று மகன் அப்புறம்தான் சொன்னான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஏழு மைதானங்களில் பழையதான ஓல்டு கோர்ஸில், பெரிய போட்டி ஏதும் நடந்தாலொழிய, அன்றைக்கு ஆட்டம் கிடையாது. ஆடுகிறவர்களுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் தரைக்கு வேண்டுமாம். ஊர்ஜனம் நாயோடும் தள்ளுவண்டியில் குழந்தையோடும் நடக்கும். டிக்கெட் இல்லை. குழி இருக்கிற கிரீனிலும் மணற்பள்ளமான பங்கரிலும் மட்டும் கால் வைக்காதீர்கள்.

உலகத்துப் பணக்காரர்கள் எல்லாம் ஏங்குகிற இடம், கணக்கில் பார்த்தால் ஊர்ப்பொது. 1552-லேயே ஆர்ச்பிஷப் ஹாமில்டன், இந்த நிலத்தில் விளையாடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். முயல் வளர்க்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டார்! பிறகு 1797-ல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தை விற்றது. அது முயல் வியாபாரிகள் கைக்குப் போயிற்று. முயல் தோண்டுகிற குழியால் ஆட்டக்காரர்களுக்கு ஆத்திரம். அடிதடி, வழக்கு என்று வருஷக்கணக்கில் இழுத்தது. 1821-ல் கோல்ஃப் பித்துப் பிடித்த ஒரு நிலக்கிழார் வாங்கிக் காப்பாற்றினார். 1894-ல் நிலம் திரும்ப ஊருக்கே வந்தது.

என் ஊர் உடன்குடிப் பக்கம். அதனால் அந்த நிலத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: சிவப்பும் பனையும் இல்லாத தேரி! கடல் விட்டுப்போன மணலைக் காற்று மேடும் பள்ளமுமாகக் குவித்திருக்கிறது. உழவுக்கு உதவாது, ஆடு மேய்க்கலாம். கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கிற இந்த மணல்நிலத்துக்குத்தான் 'லிங்க்ஸ்' என்று பேர். காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒண்டிய பள்ளங்கள்தான் பங்கர்களாயின என்பார்கள். மொத்தம் 112. ஒன்றின் விளிம்பில் குந்திப் பாருங்கள். சுவரெல்லாம் செங்கல் கனத்துக்கு வெட்டிய புல்கட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியவை. பதினான்காம் குழிக்கு முன்னால் 'ஹெல்' என்று ஒன்று, பெயரே நரகம். 1995-ல் ஜாக் நிக்லஸ் போன்ற ஜாம்பவானுக்கே அதைவிட்டு வெளியே வர நாலு அடி ஆயிற்று.

ஸ்வில்கன் பாலத்தில் போட்டோவுக்கு வரிசை நிற்கும். நம் ஊர் வாய்க்கால் மதகு அளவுதான், ஏமாறாதீர்கள். ஆடு மாடு கடக்கக் கட்டிய கல்பாலம். 2023-ல் அதில் ஏறுகிற இடத்தில் தரையில் புதுக்கல் பரப்பப் போக, ஊர் உலகமே சிரித்ததில் சில நாளிலேயே பெயர்த்து எடுத்தார்கள். நல்ல காரியம்!

குழந்தைகள் உடன் வந்தால் பக்கத்திலேயே 'ஹிமாலயாஸ்'. மேடு பள்ளமான புல்லில் பந்தை உருட்டிக் குழியில் போடும் இடம், சில பவுண்டுதான். 1867-ல் பெண்களுக்காக ஆரம்பித்த கிளப்புடையது. மட்டையைத் தோளுக்கு மேல் தூக்குவது பெண்ணுக்கு அழகில்லை என்றிருந்த காலம். முதல் குழிக்கு எனக்கு ஏழு அடி!

எடின்பரோவிலிருந்து ரயிலில் லூக்கர்ஸ், அங்கிருந்து பஸ். ஜூன்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நான் கோல்ஃப் ஆடுகிறவன், ஹேண்டிகேப் (திறமையைக் காட்டும் எண்) 22. ஓல்டு கோர்ஸில் ஆட நேரம் வாங்கித் தருவதாக ஏஜெண்ட் ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். நம்பலாமா?
– கோவை வாசகர்

அதிகாரம் பெற்ற சிலருக்கு நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். உங்கள் ஆள் அதில் ஒருவரா என்று முதலில் பாருங்கள். அதற்கு முன், குலுக்கல் இருக்கிறதே! ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேராக. தனி ஆளுக்கு வேறு குலுக்கல். ஹேண்டிகேப் சான்றிதழ் மறக்காதீர்கள். விழுந்தால் சீசனில் 300 பவுண்டுக்கு மேல் கட்டணம். விழாவிட்டால் பக்கத்திலேயே 1895-ல் அமைத்த 'நியூ கோர்ஸ்' இருக்கிறது. 130 வருஷமாகப் புதுசு!

ஸ்காட்லாந்து புராணம் போதும். அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
– எழும்பூர் வாசகர்

எழும்பூரில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்!

பந்திலிருந்தே தொடங்கலாம். அந்தக் காலத்தில் தோல்பைக்குள் ஒரு தொப்பி நிறைய இறகைத் திணித்துத் தைத்த பந்து. விலை அதிகம், நனைந்தால் போச்சு. 1840-களின் கடைசியில் மலாயாக் காட்டு மரப்பாலான கட்டாபர்ச்சாவில் மலிவுப் பந்து வந்தது. கிழக்கிலிருந்து வந்த ஒரு விஷ்ணு சிலையைப் பொதிந்திருந்த கட்டாபர்ச்சாவை உருட்டித்தான் முதல் பந்து செய்தார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான்.

இது கதையில்லை: ஆண்ட்ரூ பெல், 1753-ல் அந்த ஊரில் பிறந்தவர். எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் நடத்தினார். ஒருநாள் வழியில் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். பெரிய பையனைச் சின்னவனுக்குச் சொல்லித்தர வைத்தார். அதுவே 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து வரை போயிற்று. அவர் விட்டுப்போன பணத்தில் 1833-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் வந்த பள்ளிக்கு 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர். இன்றும் இருக்கிறது, இப்போது புதுக் கட்டிடத்தில்.

சவுத் ஸ்ட்ரீட்டில் அதன் பழைய கட்டிடத்து முன்னால் நின்றுவிட்டேன். "என்னம்மா?" என்றான் மகன். "ஒண்ணுமில்லடே, ஒங்க ஆச்சியும் மணல்லதான் 'அ' எழுதுனா" என்றேன். அவன் ஷூவைக் கழற்றி, காலையில் ஏறிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.