ஸ்டாலின் இருக்கட்டும், அப்பா விழுந்து எத்தனை நாளாயிற்று?

கொழிஞ்சாம்பாறை வாசகருக்கு,

சோவியத் ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலின் பைத்தியமா, கணக்குப் பார்த்துக் கொன்றவரா என்று மூன்று பக்கம் கேட்டிருக்கிறீர்கள். பழைய கட்சிக்காரரான அப்பா சந்தேகப்பட ஆரம்பித்ததும் ஸ்டாலின் பற்றிய வீடியோக்களில் போய் விழுந்திருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1937, 38 இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 6,80,000 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பகுதிவாரியாக ஒதுக்கீடு, பெயர்ப்பட்டியல், அதில் அவருடைய கையெழுத்து. யாரையும் நம்பாத அந்தச் சந்தேகத்தால் அவர் நாற்காலி உறுதியானது. நோயாளியின் சந்தேகம் நோயாளியையே அல்லவா தின்னும்? ரஷ்ய நரம்பியல் டாக்டர் பெக்தெரெவ் 1927இல் ஸ்டாலினைப் பரிசோதித்துப் 'பைத்தியம்' என்றார் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

சோவியத் தலைவர்களை டாக்டர்கள் கொல்லப் பார்த்தார்கள் என்று 1953 ஜனவரி 13 அன்று கட்சிப் பத்திரிகையான பிராவ்தா எழுதியதும் பொய்தான். ஸ்டாலின் செத்த மறுமாதமே அந்த டாக்டர்களை விடுவித்துவிட்டார்கள். ஓய்வெடுக்கச் சொன்ன சொந்த டாக்டரையே உள்ளே வைத்திருந்தார் மனிதர். மார்ச் 1 அன்று மூளையில் ரத்தம் கசிந்து கிடந்தபோது, அறைக்குள் போகவே காவலர்களுக்குப் பயம். டாக்டர்கள் வந்து சேர மறுநாள் காலை ஆனது.

உங்கள் அப்பாவிடம் வருகிறேன். பீரோவுக்கு இரண்டு பூட்டு, பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணுவது, பக்கத்துத் தோட்டக்காரரோடு வரப்புச் சண்டை எல்லாம் முப்பது வருஷ சுபாவம். விடுங்கள். மருமகள் காபியில் விஷம் கலக்கிறாள் என்பது மட்டும் இரண்டு வாரமாக வந்தது. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். விற்று ஆறு வருஷமான மாட்டுக்குத் தண்ணி காட்ட ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்புகிறார். ஓணத்துக்கு முன்னால் தோப்பு வாய்க்காலில் வழுக்கித் தலை இடித்தது; ரத்தம் வராததால் தைலம் தேய்த்தீர்கள்.

அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! 72 வயதில் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மேலே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய் சின்ன அடியிலேயே கிழியும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. உள்ளே சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, மூன்று நான்கு வாரம் கழித்து ஆள் குழம்புவார். இதயத்துக்கு ஆஸ்பிரின் வேறு சாப்பிடுகிறார். பாலக்காடோ கோவையோ, இன்றைக்கே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுங்கள். தூங்கி வழிந்தால், வாந்தி எடுத்தால், ஒரு பக்கக் கைகால் தளர்ந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டு இருந்து அதை எடுத்துவிட்டால் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் அடுத்தது ரத்தத்தில் உப்பு, சர்க்கரை, பிறகு சிறுநீரில் கிருமி.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய தூக்க மாத்திரையைப் பொடித்து நாலு நாளாகக் காபியில் கலந்தீர்களாம். உடனே நிறுத்துங்கள். குழப்பம் கூடும், மயங்கினாலும் தூக்கம் என்று நினைப்பீர்கள். அதோடு, காபியில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று அவர் சொன்னதையும் நிஜமாக்கிவிட்டீர்களே ஐயா! பாவம், பழி உங்கள் மனைவிக்கு.

"எனக்கும் பைத்தியம் வருமா?" என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். தலையில் பட்ட அடி பரம்பரையாக வராது. கிளம்பும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கொடுத்தீர்கள் என்று அங்குள்ள டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.