அந்த எண் காய்ந்த நாளுக்கானது: ஃபோர் பை ஃபோர் கேள்வி பதில்

டர்பனில் பொங்கல் பந்தியில் ஒரு நண்பர், இங்கிருந்து லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் சானி பாஸ் என்ற மலைப்பாதை பற்றிக் கேட்கப்போய், இலையை மடிப்பதற்குள் ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே பாதி, அப்புறம் செய்தியாக வந்தது மீதி. கேள்விகள் எல்லாம் ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கரடுமுரடான பாதையில் போவது பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். நான் பந்தய ஓட்டுநர் இல்லை. ஓடுகிற வண்டியில் என் மனைவி ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்ற முடிந்தால் அது எனக்கு ஏற்ற பாதை. அந்த அளவில்தான் பதில்களும் இருக்கும்.

சான்டனிலிருந்து ஒரு தம்பி: ஃபார்ச்சூனர் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம், மால் தவிர எங்கும் போனதில்லை. எங்கே தொடங்குவது? நல்ல பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் நாளே மலைக்கும் போக வேண்டாம், மணலுக்கும் போக வேண்டாம். ஒரு பண்ணைக்குப் போங்கள். மகாலீஸ்பர்க் பக்கம் பண்ணைக்காரர்கள் பலர் சொந்த நிலத்தில் பாதை வெட்டி, ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். பாதைக்கு 1 முதல் 5 வரை கிரேடு சொல்வார்கள். 1 என்றால் கொஞ்சம் உயரமான எந்தக் காரும் போகும். 2 என்றால் அடிப்பாகம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். 3 வந்தால் லோ ரேஞ்ச் தேவை, அதாவது மெதுவாகப் போனாலும் இழுவை அதிகம் தரும் தனி கியர் வரிசை. 4, 5 எல்லாம் வண்டியில் கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு. உங்களுக்கு 1, 2 போதும். காட்சி என்னவோ பெரும்பாலும் அங்கேதான் நன்றாக இருக்கும். 5-இல் போகிறவன் பார்ப்பது எதிரே இருக்கும் பாறையை மட்டும்தான்.

ஆனால் ஒன்று. அந்த எண் காய்ந்த நாளுக்குப் போட்டது. பிரிட்ஸ் பக்கத்துக் கரிசல் மண், மழை பெய்தால் நம் கோவில்பட்டிக் கரிசலுக்குச் சற்றும் இளைத்ததில்லை. டயரில் அப்பிக்கொண்டு வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். காலையில் 2 ஆக இருந்தது சாயங்காலம் 4 ஆகிவிடும். அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் பண்ணைக்காரருக்கே போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வாரம் மழை உண்டா? கடினமான ஒவ்வொரு இடத்துக்கும் சுற்றுவழி இருக்கிறதா? என் வண்டியை உங்கள் பாதையில் இதற்கு முன் யாராவது ஓட்டியிருக்கிறார்களா? சுற்றுவழிக்கு இங்கே ‘சிக்கன் ரன்’ என்று பெயர். கோழை வழி! பெயரைக் கேட்டு ரோஷப்படாதீர்கள், நான் எத்தனையோ முறை கோழியாகியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஓர் அண்ணன், ஒலிப்பதிவாக: நம்மகிட்ட பக்கிதான் இருக்கு, பின் சக்கரம் மட்டும் இழுக்கிறது, டிஃப் லாக் உண்டு. நம்மளைச் சேர்த்துக்குவீங்களா?

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: பக்கி என்றால் திட்டு இல்லை, இங்கே பிக்-அப் வண்டிக்கு அதுதான் பெயர். எனக்குச் சிரிப்பு அடங்க ஒரு வருடம் ஆயிற்று. டிஃப் லாக் என்பது இரண்டு பின் சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் பூட்டு.

அண்ணே, தாராளமாக வாங்க. இந்த நாட்டின் அழகான மண் பாதைகளில் பாதிக்கு ஃபோர் பை ஃபோரே தேவையில்லை. கேப் பக்கம் போனால் அவுட்சூர்னுக்கும் பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கும் நடுவே ஸ்வார்ட்பர்க் பாஸ் இருக்கிறது. தாமஸ் பெய்ன் போட்ட சாலை, 1888-இல் திறந்தது, உச்சி 1583 மீட்டர். இன்றைக்கும் தார் கிடையாது. வளைவுகளைத் தாங்கும் சுவர்களைக் கைதிகளை வைத்துக் கட்டினார்கள். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல். இறங்கித் தொட்டுப் பாருங்கள், விரல் நுழைய இடம் தேடுவீர்கள். உச்சிக்குப் பக்கத்தில் கம்காஸ்குலூஃப் என்ற பள்ளத்தாக்குக்கு ஒரு கிளை பிரியும். 37 கிலோமீட்டர்தானே என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். மதியத்துக்கு மேல் அந்தக் கிளையில் திரும்பாதீர்கள். மழைக்குப் பிறகு அந்தப் பக்கமே வேண்டாம்.

உம்லாங்காவிலிருந்து ஒருவர்: அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், இருவருக்கும் எழுபதுக்கு மேல். சானி பாஸ் அழைத்துப் போகலாமா?

போகலாம் சார். ஆனால் இதை ‘எளிது’ கணக்கில் சேர்க்க எனக்குத் தயக்கம்தான். ஹிம்வில் தாண்டி, தென்னாப்பிரிக்கச் சோதனைச்சாவடிக்கு மேல் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டுமே விடுவார்கள். அங்கிருந்து லெசோத்தோ சாவடி வரை சுமார் 8 கிலோமீட்டர், உச்சி 2876 மீட்டர். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசியைப் பார்த்தவருக்கு வளைவுகள் புதிதல்ல. ஆனால் அது தார், இது உருளும் கல்.

ஏறும்போது லோ ரேஞ்ச் போட்டுவிட்டு நிதானமாகப் போங்கள். வளைவின் நடுவில் நிற்கக் கூடாது. இறங்கும்போதுதான் விஷயம்: லோ ரேஞ்சில் முதல் கியர், காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பு போய்விடும், கல்லில் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும்.

ஏப்ரல், மே நல்ல மாதங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம், வெயில் படாத மேல் வளைவுகளில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். டிசம்பரை ஒட்டி வரும் இந்த ஊர்க் கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். பெரியவர்களை மேலே போனதும் விறுவிறு என்று நடக்க விடாதீர்கள், மூச்சு வாங்கும். இதய நோய் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். பெற்றோர் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவில் வந்திருந்தால் லெசோத்தோவுக்குள் போன பிறகு திரும்பி வருவது சிக்கல், அதை முதலில் பாருங்கள். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் எல்லை தாண்ட வங்கியின் கடிதம் வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் பாதி மலையிலிருந்து திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

டர்பன் நார்த்: கடற்கரையில் ஓட்டலாமா? மெரினாவில் ஜீப் போகிறதே!

கூடாது. 2002 முதல் இங்கே பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை. இந்த மாகாணத்தின் வடக்குக் கடற்கரை மணலில் ஆமை முட்டையிடுகிறது. மெரினாவில் போவது போலீஸ் ஜீப்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா: அப்படியானால் மணலில் ஓட்டவே முடியாதா?

ஏன் முடியாது? வடக்கே மொசாம்பிக் எல்லைக்குப் பக்கத்தில், ஏரிகள் கடலில் சேரும் கோசி பே போங்கள். என்-2 சாலையில் ஷ்லுஷ்லுவே வரை, பிறகு ஆர்-22 பிடித்தால் மங்குசி வரை தார்தான். மங்குசியில் டாங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். முகத்துவாரத்துக்கு இறங்கும் மணல் தடத்துக்கு ஃபோர் பை ஃபோரும் அனுமதிச் சீட்டும் வேண்டும்; நாளுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு, முன்னாடியே கேளுங்கள். மேட்டிலிருந்து பார்த்தால் கழிமுகத்தில் குச்சி நட்டு வளைத்த மீன் பொறிகள் தெரியும். தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க் குடும்பங்கள் கட்டிவருவது. கோலத்துக்கு யாரோ கோடு இழுத்த மாதிரி இருக்கும்.

முதல் தடவை நான் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். டயரில் தார்ச்சாலைக் காற்று, 2.2 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு), அப்படியே மணலில் இறங்கினேன். இருநூறு மீட்டர்கூட இல்லை, வண்டி நின்றது. நின்றதும் என்ன செய்வோம்? ஆக்சிலரேட்டரை மிதிப்போம். மிதித்தேன். மிதிக்க மிதிக்கச் சக்கரம் கிணறு வெட்டி அச்சுவரை உட்கார்ந்துவிட்டது. மனைவி பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பின்னால் வந்த ஒரு ஜூலு பெரியவர் கயிறும் எடுக்கவில்லை, மண்வெட்டியும் எடுக்கவில்லை. ஒரு சுள்ளியை ஒடித்து ஒவ்வொரு டயராக வால்வை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போக, டயரின் வயிறு சப்பென்று மணலில் பரந்தது. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் தள்ளிவிட்டு ‘போ’ என்றார். போயிற்று.

இப்போது மணல் என்றால் முதலிலேயே 1.2 பார். சிக்கினால் 1-க்கு இறக்குவேன். ஜல்லிச் சாலைக்கு 1.8. ஒரு 12 வோல்ட் கம்ப்ரசரும் அளவுமானியும் வாங்குங்கள் அக்கா, மற்ற அலங்காரமெல்லாம் பிறகு. தாருக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்கக் கூடாது.

இன்னொன்று, தண்ணீரைக் கடக்குமுன் இறங்கி நடந்து ஆழம் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். கோசி பே இருக்கும் இந்த ஜூலுலாந்துப் பக்கம் அதைச் செய்யாதீர்கள். முதலையும் நீர்யானையும் இருக்கிற இடம்.

பிரிட்டோரியா: பண்ணைப் பாதையில் காருக்கு அடியில் கருகல் வாசனை வந்தது. கிளட்சா?

கிளட்சாகவும் இருக்கலாம். ஆனால் தடத்தின் நடுத்திட்டில் இடுப்புயரப் புல் இருந்ததா? அந்தத் திட்டுக்கு ஆஃப்ரிகான்ஸில் ‘மிடல்மானிக்கி’ என்பார்கள், நடுவில் நிற்கும் குட்டி மனிதன் என்று அர்த்தம். குளிர்காலத்தில் அது காய்ந்த வைக்கோல். புகைக்குழாய்க்கு மேல் சிக்கிச் சுருண்டு, சூட்டில் கருகி, பிறகு பற்றிக்கொள்ளும். டீசல் வண்டியில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை, புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, குனிந்து பாருங்கள். தடித்த கையுறை, ஒரு கம்பிக் கொக்கி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். பின்னால் சாமான் அடியில் புதைந்திருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

செஞ்சூரியன்: ஒரே வண்டியாகப் போகலாமா?

பண்ணைக்குப் போகலாம், போகும்போது பண்ணை அலுவலகத்தில் சொல்லிவிட்டு. மற்ற இடங்களுக்கு இரண்டு வண்டி. இழுக்க நேர்ந்தால் டிரெய்லர் மாட்டும் குண்டில் மட்டும் கயிறு கட்டாதீர்கள். குண்டு முறிந்தால் பீரங்கிக் குண்டுதான், ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டிச் சட்டத்தில் பொருத்திய கொக்கியில் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் போட்டுக் கட்டி, மற்றவர்களைத் தூர நிறுத்துங்கள்.

கேப் டவுன்: வாடகை வண்டியில்?

ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் படியுங்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம், தண்ணீர், மணல் ஆகியவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று பெரும்பாலும் இருக்கும்.

டோங்காட் பாட்டி ஒருவர்: சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

வழிச் சாப்பாட்டுக்கு இங்கே ‘பட்கோஸ்’ என்று பெயர் பாட்டி, நம் கட்டுச்சோறுதான். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டியில் சுருட்டிய பீன்ஸ் கறி. ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றும் பன்னி சாவ் மட்டும் குலுங்குகிற வண்டியில் வேண்டாம், ஒருமுறை இருக்கை முழுக்கக் குழம்பு. அப்புறம் மலைப்பாதையில் பபூன் குரங்கு இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே சாப்பிடுங்கள். பழனிக் குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கும், இது பையையே தூக்கிக்கொண்டு போய், நாம் பார்க்கப் பார்க்கப் பாறைமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்கும்.