சோர்வு என்ற ஒரே சொல் போதுமா?

கேள்வி: 'டயர்ட்', 'வியரி', 'எக்ஸாஸ்டட்', 'ஃபெட்டீக்' ஆகிய நான்குக்கும் என்னிடமுள்ள அகராதி 'சோர்வு' என்றே பொருள் தருகிறது. ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்?
– செவிலியர் கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: பொருள் ஒன்றல்ல. அகராதி ஒரே சொல்லோடு நின்றுவிட்டதுதான் பிழை. தமிழில் சொல் இல்லாமல் அது நிற்கவில்லை.

நாள் முழுதும் நாற்று நட்டுவிட்டுத் தாமிரபரணியில் முங்கிக் குளித்து, ஓர் இரவு உறங்கி எழுந்தால் தீர்ந்துபோகும் அலுப்பே 'டயர்ட்'. நெடுநாள் சுமந்து உடம்போடு மனமும் தளர்ந்த அயர்ச்சி 'வியரி'; அதில் சலிப்பும் கலந்திருக்கும்.

'எக்ஸாஸ்ட்' என்பதன் இலத்தீன் வேருக்கு 'நீரை வெளியே இறைத்தல்' என்று பொருள். கமலை கட்டி இறைத்துப் பழகிய மானூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை: ஊற்று சுரப்பதற்குள் இறைத்துத் தரை தெரிந்துவிட்ட கிணறுதான் அது. பணமும் பொறுமையும் தீர்ந்துபோவதற்கும் ஆங்கிலத்தார் இதே சொல்லை ஆள்வது அதனால்தான்.

'ஃபெட்டீக்' உங்கள் தொழிலுக்கு மிகவும் வேண்டிய சொல். 1954இல் மத்தியதரைக் கடலில் இரண்டு காமெட் விமானங்கள் சிதறி விழுந்ததற்கு, ஒவ்வொரு பயணத்திலும் கூடிக் குறைந்த காற்றழுத்தத்தால் அவற்றின் உலோகக் கூடு அடைந்த 'ஃபெட்டீக்'கே காரணம் என்று கண்டார்கள். ஒரே பெரும் பாரம் அன்று. சிறு பாரம் திரும்பத் திரும்ப வந்து செய்த வேலை. முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணின் விரல்களுக்கு ஒரு பீடி பாரமே இல்லை. நூற்றுக்கணக்கில் சுற்றும்போது அந்த விரல்கள் ஓய்ந்துபோவதும் இவ்வகையே. மருத்துவத்தில், ஓய்வெடுத்தும் தீராமல் நாள்பட நீடிக்கும் அசதியையும் இச்சொல் குறிக்கும். அதன் பின்னால் இரத்தசோகையோ தைராய்டு குறைவோ இருக்கலாம்.

இதை 'வீக்னஸ்' என்பதோடு குழப்பக் கூடாது. தசைக்கு வலுவில்லாமல் கையைத் தூக்கவே இயலாமற்போவது வேறு. தூக்க முடிந்தும் சற்று நேரத்தில் களைத்துவிடுவது வேறு. நம் ஊரில் இரண்டையும் 'வீக்கா இருக்கு' என்றே சொல்வதால், எது என்று கேட்டறிவது செவிலியரின் பொறுப்பாகிறது. ஓர் ஆச்சி வந்து 'கெறக்கமா வருது தாயி' என்றால், அதை 'டயர்ட்' என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். அது தலைசுற்றலாக இருக்கலாம், மயக்கத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். உடனே உட்காரவைத்து, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள்.